குழந்தையோடு சேர்த்து ஆறு

என் கல்யாணத்துக்குக் கூறை எடுத்த அன்றுகூட நான் இப்படித் துள்ளவில்லை. ஓர் இரும்பு அடுப்பு வாங்குவதென்று வீட்டில் முடிவான மறுநாள், பாரிசின் லா ஷப்பலில் நான் வேலை செய்யும் பலசரக்குக் கடையில், கத்தரிக்காய் கேட்டவருக்கு முருங்கைக்காய் நிறுத்துக் கொடுத்தேன். முதலாளி அண்ணை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, இண்டைக்கு ஏதும் பேய் பிடிச்சதோ?”

“பேயில்லை அண்ணை, நெருப்பு,” என்றேன்.

செவ்ரானில் நாங்கள் வீடு வாங்கி இரண்டு குளிர்காலம் போய்விட்டது. பழைய வீடு. விறாந்தை அளவு தோட்டம், அதைவிடப் பெரிய சாலோன், அதாவது வரவேற்பறை. சாலோன் சுவரில் பளிங்குக்கல் வைத்த ஒரு கணப்பு, வாயைத் திறந்தபடி. வீடு காட்டியவர் அன்று அதில் நாலு விறகு எரித்து வைத்திருந்தார். அதைப் பார்த்து மயங்கித்தான் நான் தலையாட்டினேன். குடிபோன பிறகல்லவா விசயம் தெரிந்தது! திறந்த கணப்பில் எரிக்கும் நெருப்பு வானத்துக்குத்தான் சூடு. முகம் வேகும், முதுகு விறைக்கும். எரிக்காத நாளில் அறையில் இருக்கிற கொஞ்சச் சூட்டையும் அந்தப் புகைபோக்கி இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் அட்டைப்பெட்டியையும் பழைய போர்வையையும் சுருட்டி அதன் தொண்டையில் அடைத்துவிட்டு, யன்னலுக்குக் கீழே இருந்த மின்சாரச் சூடாக்கிகளை நம்பிக் கிடந்தோம். பதினாறு வயது மகள் கையுறையோடு வீட்டுப்பாடம் எழுதினாள். என் மனுசன் கம்பளித் தொப்பியைக் கழற்றுவதே குளிக்கும்போதுதான். ஆனாலும் சொந்த வீடு. மூன்றாவது குளிரையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியிருப்போம்.

ஆனால் என் தங்கச்சிக்குத் தை மாதம் குழந்தை.

முதல் குழந்தை. எங்கள் வழக்கத்தில் முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குத்தான் வருவார்கள். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும் முப்பத்தொரு நாளும் இலை அவித்த வெந்நீரில் குளிப்பு, சரக்குக்கறி, சாம்பிராணிப் புகை. அம்மா இப்போது இல்லை. அப்படியென்றால் தாய்வீடு என் வீடுதான், இதில் யோசிக்க என்ன கிடக்கிறது? நான் ஐப்பசியிலேயே கடையில் சரக்குக்கறிக்கு மிளகும் மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் பார்த்துப் பொறுக்கி எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டேன். பிறகுதான் அவளிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“அக்கா, குறை நினையாதேங்கோ,” என்றாள். “உங்கடை குசினிக்குள்ளை நிண்டு கதைச்சா வாயாலை புகை போகுது. பச்சைப்பிள்ளையை அங்கை எப்பிடி வைச்சிருக்கிறது? நான் இஞ்சையே சமாளிப்பன்.”

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஏறி என்ன செய்ய, அவள் சொன்னது உண்மை. அவள் இருப்பது லா கூர்னெவில் எட்டாம் மாடியில். அந்தக் கட்டடத்தில் தரையே சூடாக இருக்கும், வெறுங்காலோடு நடக்கலாம். ஆனால் அவளுடைய புருசனுக்கு இரண்டு ரெஸ்டோரன்டில் வேலை. காலையில் போனால் அவள் படுத்த பிறகுதான் வருவார். பிள்ளை பெற்ற உடம்போடு அவள் நாள் முழுக்கத் தனியே என்ன சமாளிப்பாள்?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அவள் பதினேழு வயதில் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு லா ஷப்பலில் ஓர் அறைதான். அதில் நாங்கள் புதிதாகக் கல்யாணம் முடித்த இரண்டு பேர், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மனுசனின் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒரு பெண்பிள்ளையைப் படுக்கவைக்க இடமில்லை. தெரிந்தவர்கள் வீட்டில் விட்டேன். நாலு வருசத்தில் நாலு வீடு மாறினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசுப்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போவதுபோல ஒரு பை பழத்தோடு போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். அவள் ஒரு குறை சொன்னதில்லை. இந்தமுறையாவது அவளை என் வீட்டில் வைத்துப் பார்க்கவேண்டும். நான் அந்த அடுப்பிடம் கேட்டது இதைத்தான், மற்றதெல்லாம் பேச்சு.

வழி காட்டியது கடைக்கு வரும் மன்னார்க்காரி ஒருத்தி. “இடிக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். ஓர் ஆன்சேர் வாங்கி உள்ளுக்குத் தள்ளிவிடுங்கோ,” என்றாள். ஆன்சேர் என்றால், திறந்து கிடக்கும் பழைய கணப்புக்குள் அப்படியே பொருத்திவிடும் இரும்புப் பெட்டி. முன்னுக்குக் கண்ணாடிக் கதவு. விறகு உள்ளே எரியும், புகை குழாயால் மேலே போகும், சூடு அறைக்குள் வரும்.

என் மனுசன் ஒரேயடியாக நம்பவில்லை. “நெருப்பைப் பெட்டிக்குள்ளை பூட்டி வைக்கவோ? உமக்கு ஆரோ நல்லாக் காது குத்தியிருக்கினம்.”

“குத்தினால் குத்தட்டும். நீங்கள் ஒருக்கால் தொப்பியைக் கழட்டிப்போட்டு யோசியுங்கோ,” என்றேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, சென் தெனிப் பக்கம் அடுப்பு விற்கும் இடமொன்றுக்கு நானே தொலைபேசி எடுத்தேன். மறுபக்கத்தில் ஒருவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். ஆன்சேர் வேண்டும் என்றேன். நல்லது மதாம் என்றார். பிறகு கேட்டார்: “உங்கள் ஃபுவாயே எவ்வளவு?”

இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடங்கி நான் நிரப்பாத படிவம் இல்லை. வரிக்கு, பிள்ளைக் கொடுப்பனவுக்கு, வீட்டுக்கு, எல்லாவற்றிலும் இந்தச் சொல் வரும். ஃபுவாயே என்றால் குடும்பம், உங்கள் ஃபுவாயேயில் எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள். அதற்கு நித்திரையிலும் பதில் சொல்வேன். அடுப்பு விற்பவரும் இதைக் கேட்கிறாரே, ஆட்களின் தொகைக்கு ஏற்றபடி சூடு தருவார்களாக்கும் என்று எண்ணிக்கொண்டு, “ஸீஸ்” என்றேன். ஆறு.

“ஸீ சான்?” என்று அவர் கேட்டார்.

அவர் கேட்டது, அறுநூறா என்று. பிரெஞ்சில் நூறுக்கும் ‘இல்லாமல்’ என்பதற்கும் ஒரே சத்தம், இரண்டும் ‘சான்’ என்றுதான் காதில் விழும். எனக்கு விழுந்தது, ஆறு, இல்லாமலா? எது இல்லாமல்? வேறென்ன, குழந்தை இல்லாமலா என்று கேட்கிறார்.

“இல்லை மிஸ்யூ! குழந்தையோடு!” என்றேன்.

மறுபக்கத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“எந்தக் குழந்தை, மதாம்?”

“பிறக்கப்போகிற குழந்தை. தங்கச்சியின் குழந்தை. அதையும் சேர்த்துத்தான் ஆறு.”

மேசையில் இருந்த மகள் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்து, அந்த மனிதரிடம் பிரெஞ்சில் படபடவென்று ஏதோ சொன்னாள். அந்த மனிதர் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. ஃபுவாயே என்றால் நெருப்பு எரியும் குழியும்தானாம். அதன் அகலம் எத்தனை மில்லிமீற்றர் என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். கணப்பின் அகலம், உயரம், ஆழம், அறையின் நீளம், அகலம், கூரையின் உயரம் எல்லாம் அளந்து கொண்டுவாருங்கள், குழந்தைக்கு என் வாழ்த்து என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

வெட்கமாவது மண்ணாவது! திங்கட்கிழமை கடையில் இதைச் சொன்னேன், மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அரிசி வாங்க வந்தவரெல்லாம் “பத்துக் கிலோ தாங்கோ, குழந்தை இல்லாமல்” என்றார்கள்.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேரும் அளவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு சென் தெனிக்குப் போனோம். கடவுளே, அந்த இடத்தை என்னவென்று சொல்ல! வரிசையாக இருபது முப்பது அடுப்புகள், அதில் நாலைந்து எரிந்துகொண்டிருந்தன. கோட்டைக் கழற்றினேன். அந்த வீடு வாங்கிய பிறகு குளிர்நாளில் எனக்கு வேர்த்தது அன்றுதான்.

தொலைபேசியில் பேசியவரே வந்தார். “ஆ, குழந்தையோடு ஆறு!” என்று கையைக் குலுக்கினார். எங்கள் தாளைப் பார்த்துவிட்டு ஏழு கிலோவாட் போதும் என்றார். என் மனுசனுக்கு அது பிடிக்கவில்லை. நம்பிக்கை இல்லாமல் வந்த மனிதர், நெருப்பைக் கண்டதும் பேராசைப்பட்டுவிட்டார். “பதினாலு கேளும்,” என்று என் விலாவில் இடித்தார்.

அடுப்புக்காரர் பொறுமையாக விளக்கினார். அறைக்கு மிஞ்சின அடுப்பை வாங்கினால் வேக்காடு தாங்காமல் காற்றை அடைத்து அடைத்துத்தான் எரிக்கவேண்டி வரும். அடைத்தால் நெருப்பு புழுங்கும், கண்ணாடி கறுக்கும், புகைக்குழாய்க்குள் தார்போலக் கீல் படியும். அளவான அடுப்பை நன்றாக எரியவிடுவதுதான் சரி. விறகும் இரண்டு வருசம் காய்ந்ததாக இருக்கவேண்டும்.

“நீர் வேலை செய்யிற கடையிலை மாம்பழம் வாற மரப்பெட்டி கிடக்கு. சும்மா எறியினம். அதை எரிக்கலாமோ எண்டு கேளும்,” என்றார் மனுசன். மகள் கேட்டாள். அடுப்புக்காரர் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். ஆணியும் மருந்தும் அடித்த பலகை, எரிக்கவே கூடாதாம். மனுசனின் முகம் வாடிப்போனது.

கடைசியில் இரண்டு அடுப்புகள் போட்டியில் நின்றன. ஒன்று மகளின் தெரிவு. உருக்கில் செய்தது, மெல்லிசு, தொலைக்காட்சி மாதிரி அகலக் கண்ணாடி, கதவு மேலே வழுக்கிக்கொண்டு போகும். வடிவுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். மற்றது வார்ப்பிரும்பு. குண்டு. கதவு அலுமாரிக் கதவுபோலப் பக்கவாட்டில் திறக்கும். வார்ப்பிரும்பு சூடேற நேரமெடுக்கும், ஆனால் நெருப்பு அணைந்த பிறகும் மணிக்கணக்காகச் சூட்டை விடாது என்றார் அவர். விடியற்காலையில் பிள்ளைக்குப் பால் கொடுக்க எழும்பும்போது அறை குளிராது. என் மனம் அந்த இடத்திலேயே குண்டனிடம் போய்விட்டது. இருந்தாலும் எனக்கு ஒரு கேள்வி இருந்தது.

“கதவைத் திறந்து கரண்டியால் தணல் எடுக்கலாமா?”

“எதற்கு, மதாம்?”

“குழந்தைக்குப் புகை போட.”

அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பன்றித்தொடைக்குப் புகை போடுகிற நாட்டுக்காரரல்லவா, அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. மகள் சிவந்துபோய், அது ஒரு வாசனைப் பிசின், குளிக்கவார்த்த பிறகு தலைமுடிக்கும் துணிக்கும் காட்டுவது என்று விளக்கி முடித்தாள். அவர் சிரிக்காமல் உறுதியாகச் சொன்னார்: தணலை அடுப்பிலிருந்து எடுத்து வீட்டுக்குள் வைக்கவே கூடாது. மணமில்லாத நச்சுவாயு வரும், பெரியவர்களே தாங்கமாட்டார்கள், பச்சைக் குழந்தை எப்படித் தாங்கும்? அதைக் கண்டுபிடித்துக் கூவும் கருவி ஒன்றும் கட்டாயம் மாட்டுங்கள். எனக்குச் சுருக்கென்றது. சரி, சாம்பிராணியைத் தோட்டத்தில் போட்டு, துணிக்கு மட்டும் காட்டுவது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தேன். குண்டனையே வாங்கினோம்.

மார்கழியில் இரண்டு பேர் வந்து பொருத்தினார்கள். ஒருவர் கூரையில் ஏறி, உருக்குக் குழாயைப் புகைபோக்கிக்குள்ளால் இறக்கினார். நாங்கள் அடைத்து வைத்த அட்டைப்பெட்டி, போர்வை, அதற்குமேலே ஒரு குருவிக்கூடு, எல்லாம் பொதக்கென்று விழுந்தன. கரியில் என் மனுசனின் தொப்பி என்ன நிறமென்றே தெரியாமல் போனது. பின்னேரம் அடுப்பு சுவருக்குள் உட்கார்ந்திருந்தது. நான் அதைச் சுற்றி மூன்று தரம் நடந்திருப்பேன், சுற்றச் சுவர் விடவில்லை.

அவசரப்படமுடியாது என்றார்கள். முதல் மூன்று நாளும் சின்ன நெருப்புத்தான். இரும்பின் மேற்பூச்சு வெந்து இறுகும்வரை நாறும், யன்னல் எல்லாம் திறந்து வைக்கவேண்டும். கேட்டீர்களா கதையை! வீட்டைச் சூடாக்க அடுப்பு வாங்கிவிட்டு, மார்கழிக் குளிரில் யன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, கோட்டும் கழுத்துத்துணியுமாக நெருப்புக்கு முன்னால் குந்தியிருந்தோம். “வீட்டுக்கோ செவ்ரானுக்கோ சூடு காட்டுறம்?” என்று மனுசன் நக்கலடித்தார்.

நாலாம் நாள் யன்னல்களைச் சாத்தினேன். ஓக் விறகு இரண்டு வைத்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும், மகள் தானாகக் கையுறையைக் கழற்றினாள். மனுசன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துவிட்டு, “சரி, ஓம். பெட்டி பரவாயில்லை,” என்றார். நான் சாலோன் தரையில் மல்லாக்கப் படுத்தேன். முதுகும் சுட்டது! வெப்பமானி இருபத்தொன்றைக் காட்டியது. அதைப் படமெடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன்.

“நல்ல வடிவு அக்கா,” என்று பதில் வந்தது. “ஆனா எனக்கு டொக்டர் இஞ்சைதானே கிட்ட.”

டொக்டர் தூரமில்லை, ரயிலில் நாலைந்து நிலையம் என்று எழுதினேன். உங்கள் வீட்டில் படி ஏறவேண்டும் என்று எழுதினாள். ஏறவே வேண்டாம், கீழே சாலோனில் கட்டில் போடுகிறேன் என்றேன். பார்ப்போம் அக்கா என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளிர் வெறும் சாட்டு, சாக்குப்போக்கு.

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் லா கூர்னெவில் இறங்கினேன். வாசலில் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“வீடு சூடாக்கியாச்சு. இனி என்ன சாட்டுச் சொல்லப்போறாய்?”

அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, நான் நாலு வீட்டிலை இருந்தனான். ஒரு வீட்டிலையும் பசிக்குது எண்டு சொன்னதில்லை. குளிருது எண்டும் சொன்னதில்லை. ஆராவது கேட்டா எல்லாம் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லுவன். என்ரை பிள்ளை அழேக்கை, ஆருக்கும் கரைச்சலோ எண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது. எனக்கு இனி மற்றவையின்ரை வீடு வேண்டாம்.”

“நான் மற்றவையோடி?”

அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். நான் அந்தச் சூடான தரையில், சப்பாத்தோடு, அப்படியே உட்கார்ந்து அழுதேன். அப்போது எனக்கு இடமிருக்கவில்லை என்று சொன்னேன். “தெரியும் அக்கா, நான் உங்களைக் குறை சொல்லேல்லை,” என்றாள். குறை சொல்லியிருந்தால் எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

அதைத் தாங்கமுடியாமல்தான் நான் அடுப்புக்காரரோடு பேசிய கதையைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. ஆறு என்ற இடத்தில் என்னை நிறுத்தினாள்.

“ஆர் ஆறு பேர்?”

“நாங்கள் மூண்டு பேர், நீங்கள் ரெண்டு பேர், பிள்ளை.”

“எங்களை ஆரைக் கேட்டு எண்ணினீங்கள்?”

“ஒருத்தரையும் கேக்கேல்லை. அந்தாள் கேட்டார், வாயிலை வந்திட்டுது.”

குழந்தை இல்லாமலா என்ற இடம் வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, “பிறக்காததையும் எண்ணிப்போட்டீங்களே!” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. தேத்தண்ணி தந்தாள், குடித்துவிட்டு வந்தேன்.

தையில் பெண் பிள்ளை பிறந்தது. ஆசுப்பத்திரியிலிருந்து வெளியே விடும் நாள் அவளே தொலைபேசி எடுத்து, “போற வழியிலை ஒரு மணித்தியாலம் வந்து, சூட்டைப் பாத்திட்டுப் போறம் அக்கா,” என்றாள். லா கூர்னெவைத் தாண்டி செவ்ரானுக்கு வருவது எப்படிப் போகிற வழியாகும் என்று நான் கேட்கவில்லை. விடிய எழும்பி அடுப்பை மூட்டினேன்.

மத்தியானம் வந்தார்கள். புருசன் பைகளைக் காரிலேயே விட்டுவிட்டு வந்தார். அவள் கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல், கதிரையின் நுனியில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். “நல்ல சூடு அக்கா. எல்லாம் நல்லாயிருக்கு,” என்றாள். அந்தச் சொல்லை அவள் எந்தெந்த வீட்டில் சொன்னாள் என்று இப்போது எனக்குத் தெரியும். என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பைத் திறந்து இன்னொரு விறகை வைத்தேன். சரக்குத் தண்ணி கொடுத்தேன். அவள் “பரவாயில்லை அக்கா” என்றாள். இன்னொரு விறகு வைத்தேன்.

வெப்பமானி இருபத்தேழைத் தாண்டிவிட்டது. என் மனுசனின் நெற்றியில் வேர்வை ஓடியது. பிள்ளை தக்காளிப்பழமாகச் சிவந்து, வீறிட்டு அழுதது.

தங்கச்சி எழும்பினாள். கோட்டைக் கழற்றிக் கதிரையில் எறிந்தாள்.

“அக்கா, உனக்கு என்ன விசரே! பிள்ளை அவியப்போகுது! விறகை நிப்பாட்டிப்போட்டு அந்த யன்னலைத் திற!”

மகள் தலை நிமிர்ந்து பார்த்தாள். என் மனுசன் என்னைப் பார்த்தார். சின்ன வயதில் அவள் என்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவாள், சண்டை பிடித்தால் அதைவிட மோசமாக. பாரிசுக்கு வந்து அந்த வீடுகளில் இருக்கத் தொடங்கிய பிறகு, எல்லோரையும்போல என்னையும் நீங்கள் என்றாள். மரியாதை பழகிவிட்டாள் என்று நான் அப்போது பெருமைப்பட்டேன், மடைச்சி.

ஓடிப்போய் யன்னலைத் திறந்தேன். குளிர் முகத்தில் அடித்தது. பின்னால் அவள் தன் புருசனிடம் பைகளை எடுத்துவரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பாதி திறந்தாக் காணாது,” என்றாள் என்னிடம். “முழுக்கத் திற.”

முழுக்கத் திறந்தேன்.